வாளியின் எடை

மிச்சம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் லேசாகச் சொல்லிவிட மாட்டார்கள். மற்ற வீடுகளில் சாப்பிட்டு எழுந்தபின் தட்டில் கிடப்பது மிச்சம். இங்கே அதுதான் தொழில், அதுதான் முதல், அதுதான் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூட உடுப்பும் அதுதான். காலையில் எழுந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற முதல் பேச்சே, "இன்னிக்கு மிச்சம் எப்படி இருக்கும்?" என்பதாகத்தான் இருக்கும்.

அந்த வீட்டுக்காரிக்குத் தெருவில் மிச்சக்காரம்மா என்று பேர். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் நீல நிற டிரம்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, மழையோ வெயிலோ, நடையைக் கட்டிவிடுவாள். முதலில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஓட்டல். பிறகு பள்ளிக்கூடம். அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையற்கூடத்தின் பின்வாசலில் வாளிகள் வரிசையாக நிற்கும். சோறு, பருப்பு, வெந்து குழைந்த முட்டைக்கோஸ், கடித்து வைத்த ரொட்டி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதை டிரம்மில் கவிழ்த்து, வாளியைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தபின் கையை விட்டுத் துழாவி, பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் கரண்டி, எலும்புச் சில்லு, ஊறுகாய் எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். உப்பு அதிகமானால் பன்றிக்கு ஆகாது. பொறுக்கியதைப் பெரிய பீப்பாயில் ஊற்றி, உடைந்த பழப்பெட்டிகளை எரித்துக் கொதிக்கவைப்பார் அவள் வீட்டுக்காரர். அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒரு மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. அதனால் பாதி குனிந்தபடியே பீப்பாயைக் கிளறிக்கொண்டு நிற்பார். வாய் மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டில். அதில் இருந்த தாய்ப்பன்றிக்குப் பெரியம்மா என்று பேர் வைத்தவரும் அவர்தான். நடையும் உடம்பும் செருமலும் அவருடைய மனைவியின் அக்காவைப் போலவே இருக்கிறதாம். அக்கா அந்தப் பக்கம் வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வீட்டில் ஒரே பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குப் போகப் போகிறவள், அவளைச் சின்னது என்று கூப்பிட்டார்கள். பெரியது ஏற்கெனவே கொட்டிலில் இருக்கிறதே, வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

பெரியம்மா சினையாக இருந்தது. அதன் வயிற்றில் கிடந்ததுதான் சின்னதின் மேல்படிப்பு. குட்டிகள் பிழைத்து விலைபோனால் அடுத்த வருடமும் பள்ளிக்கூடம், இல்லையென்றால் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிற வேலை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மிச்சக்காரம்மா கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் பெரியம்மாவின் வயிற்றைத் தடவிவிட்டுத்தான் தீவனம் ஊற்றினாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வெகு கறார். வாளிச் சோறு பன்றிக்கு. மனுஷருக்கு வீட்டு அடுப்பு. பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் நல்ல மனிதர். யார் கையும் படாத சோற்றை, "கொண்டுபோம்மா, சூடாத்தான் இருக்கு" என்று தனியாக எடுத்து நீட்டுவார். "வேணாம்ணே. வீட்டுல ஆக்கி வெச்சிருக்கேன்" என்பாள். சில நாள் ஆக்கி வைத்திருக்க மாட்டாள். அப்படியும் அதைத்தான் சொல்வாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. நனைந்த பெட்டிப் பலகை எரியாமல் புகைந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சின்னது பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி பொறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, உலகத்துல விளையுற சாப்பாட்டுல மூணுல ஒரு பங்கு யாரு வாயிலயும் போகாம வீணாப் போகுதாம். உனக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"சுற்றுச்சூழல் டீச்சர். புத்தகத்துலயும் போட்டிருக்கு. அதே நேரத்துல கோடிக்கணக்கான பேரு பசியோட படுக்குறாங்களாம்."

"பசியோட படுக்குறதுக்குப் புத்தகம் வேற போடுறாங்களா?" என்றார் அப்பா, கண்ணில் புகையைத் துடைத்துக்கொண்டு.

"விளையாடாதப்பா. ஒரு பிடி அரிசி விளைய எவ்வளவு தண்ணி செலவாகுது தெரியுமா? அதைக் கொட்டுனா அந்தத் தண்ணியையும் கொட்டுன மாதிரி. இப்படியே போனா உலகத்துல எல்லாருக்கும் சாப்பாடு பத்தாது."

"சரி, ஒரு சந்தேகம். பெரியம்மா தின்றது வீண் கணக்குல வருமா, சாப்பாட்டுக் கணக்குல வருமா?"

சின்னது கொஞ்சம் யோசித்தாள். அவள் எதையும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற பெண் அல்ல. "மனுஷங்க சாப்பிடறதுக்குன்னு செஞ்சத மனுஷங்க சாப்பிடலைன்னா வீண்தாம்பா. எங்க கணக்கு அப்படித்தான்."

"கேட்டியா பெரியம்மா? இத்தனை நாளா நீ வீணைத் தின்னுதான் வளந்திருக்கே" என்று கொட்டில் பக்கம் திரும்பிக் கத்தினார். உள்ளேயிருந்து ஒரு செருமல் வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளிக்கூடத்தில் எது எவ்வளவு வீணாகிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, நன்றாகச் செய்கிற குழுவுக்குப் பரிசு என்று சொல்லியிருந்தார்கள். ஒரு குழு தண்ணீர். ஒரு குழு மின்சாரம். சின்னதின் குழுவுக்குச் சாப்பாடு. மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், வாளிகளை எடை மேடையில் ஏற்றி, எவ்வளவு வீண் என்று பார்க்க வேண்டும். மேடை வந்த முதல் நாள் மிச்சக்காரம்மாவே ஒரு வாளியைத் தூக்கி வைத்தாள். வைத்தவள் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள். எங்கே சாய்ந்துவிடுமோ என்று பயம்.

"கையை எடும்மா" என்றாள் சின்னது. "கை வெச்சா எடை தப்பாக் காட்டும்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், கொஞ்சம்கூடக் கூசாமல் அம்மா என்றே கூப்பிட்டாள். அதில் மிச்சக்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். முள் நடுங்கி ஓரிடத்தில் நின்றதும் மகள் குனிந்து படித்த அழகை வீட்டுக்கு வந்து புருஷனிடம் நடித்தே காட்டினாள்.

ஆனால் சின்னது அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

"என்னடி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"தண்ணிக் குழு ஒழுகுற குழாய்க்கு அடியில குடம் வெச்சு அளந்துட்டாங்கம்மா. அவ்வளவு தண்ணி! டீச்சருக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. எங்க வாளியில ஒண்ணும் பெருசா வரல. நல்ல எடை வந்தாத்தான் நம்ம குழு நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஏன் வரல?"

"சமையக்கார மாமா நல்லாச் சமைக்கிறாரு. எல்லாரும் வழிச்சுத் தின்னுடறாங்க" என்றாள் சின்னது, அதுவும் ஒரு குறை என்பதுபோல.

இங்கேதான் மிச்சக்காரம்மாவின் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். பன்றி வளர்க்கிறவர்கள் குட்டியை விற்கிற அன்று காலையில் அதற்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார்கள். வாங்க வருகிறவனுக்கும் அது தெரியும். அவனும் அதற்கேற்ப விலையைக் குறைத்துத்தான் பேசுவான். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. எடைக்குப் போகிற பொருளை வெறும் வயிற்றோடு அனுப்புகிறவர்களைத்தான் விவரம் தெரியாதவர்கள் என்பார்கள். எடை கூடினால் நல்லது என்பது ஒன்றுதான் தராசைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. மகளின் வாளிகள் எடைக்குப் போகின்றன. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் ஓட்டலில் இரண்டு டிரம் நிறையக் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பின்வாசலுக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டாள். சமையல்காரர் குளிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் மிச்சத்தை மொண்டு மொண்டு பள்ளிக்கூடத்து வாளிகளில் ஊற்றினாள். வாளிகளுக்கு வயிறு முட்டக் கொடுத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல வண்டியின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றாள்.

அன்று முள் போன இடத்தைப் பார்த்துச் சின்னதின் வாய் திறந்தது, மூடவில்லை. மற்றப் பிள்ளைகள் டீச்சரைக் கூப்பிட ஓடினார்கள். டீச்சர் வந்து பார்த்து, "அடக் கடவுளே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சின்ன வயசுக்காரி, நல்ல மனசு, கண்ணே கலங்கிவிட்டது. தண்ணிக் குழுவைப் பற்றி யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. ஒருநாள் விட்டாலும் எடை இறங்கிவிடுமே என்று, எடை போட்ட கடைசி நாள்வரை தினமும் மிச்சக்காரம்மா ஓட்டல் டிரம்மோடு முன்னாலேயே வந்தாள்.

பரிசு கொடுக்கிற அன்று அவளையும் வரச்சொல்லிச் சின்னது கூப்பிட்டாள். துவைத்த சேலை கட்டிக்கொண்டு போய்க் கூடத்தின் கடைசியில் சமையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் பெரிய அட்டையில் எடையை எழுதி வைத்திருந்தார்கள். கூடத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சின்னது ஒலிபெருக்கி முன்னால் நின்று, தடுமாறாமல் பேசினாள். உலகத்தில் எத்தனை பேருக்குச் சாப்பாடு இல்லை, மண் எப்படிச் சத்தில்லாமல் போகிறது, மழை ஏன் மாறிப் பெய்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். "நாம கொட்டுறது சோறு இல்லை, இன்னொருத்தரோட பசி" என்று முடித்தாள். மிச்சக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல நினைத்துத் திரும்பினால், சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. இத்தனை வருஷமா சமைக்கிறேன். இவ்வளவு பேரு என் சோத்தைக் கொட்டுறாங்கன்னு எனக்குத் தெரியாது. நல்லாத்தான் தின்றாங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சுரீர் என்றது. அதற்குள் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார். பிள்ளைகள் கண்ணைத் திறந்துவிட்டார்கள் என்றார். நாளை முதல் எவ்வளவு வீணாகிறதோ அவ்வளவு குறைவாகச் சமைக்கப்படும், இரண்டாம் முறை பரிமாறுவது கிடையாது, அதற்கும் மேல் ஏதாவது மிஞ்சினால் அதை உரமாக்குகிற மிஷின் ஒன்று வருகிறது, இனி இந்தப் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாக ஒரு பருக்கைகூட வெளியே போகாது என்றார். கூடமே அதிரக் கை தட்டினார்கள். மிச்சக்காரம்மாவும் தட்டினாள். மகளைப் பார்த்தபடியே தட்டினாள்.

"நீ என்னத்துக்கும்மா கை தட்டுறே?" என்று சமையல்காரர் கேட்ட பிறகுதான் அவள் கை நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. "மிஷினுக்கு எதுக்கு மிச்சம்? அது என்ன குட்டியா போடப் போகுது?" என்றார். பிறகு பீப்பாயைக் கிளறப் போய்விட்டார். ஓட்டல் டிரம் விஷயத்தை அவள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகிவிடும்? இருக்கிற இடுப்பு வலியோடு அவருக்கு அது வேறா?

மிஷின் வந்தது. பச்சை நிறத்தில், பீரோ உயரத்தில், பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காய்த் தோலும் ரொட்டி ஓரமும் அதற்குள் போய், கறுப்பாக வெளியே வந்து, தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் இருந்த பூச்செடிகளுக்குப் போயின. செடிகள் அந்த மழையில் நன்றாகவே பூத்தன.

பள்ளிக்கூடம் போனபின் ஓட்டலும் கையை விட்டுப் போயிற்று. ஊருக்கு வெளியே பெரிய பண்ணை வைத்திருக்கிறவன் ஒருவன் வேனோடு வந்து, ஓட்டல் மிச்சம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்தான். இவளிடம் ஓட்டல்காரர் இதுவரை காசு வாங்கியதில்லை. "என்னம்மா செய்றது, சும்மா போறதுக்கு ஒருத்தன் விலை குடுத்தா வேணாங்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்தக் கதையில் யார் சொன்னதிலும் தப்பு இல்லை, அதுதான் கஷ்டம்.

மிச்சக்காரம்மா காய்ச் சந்தைக்கு நடந்தாள். அழுகின தக்காளியும் கோஸின் வெளி இலைகளும் கிடைத்தன. அதற்கும் வேறு ஆட்கள் போட்டிக்கு வந்தார்கள். தெருத்தெருவாக வீடுகளில் கேட்டாள். விலைவாசி ஏறிக் கிடக்கிற காலத்தில் யார் வீட்டில் மிஞ்சுகிறது? தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து ஊற்றினால் பெரியம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு தொட்டியின் சிமெண்டை நக்கியது.

"பொறுத்துக்கடி" என்றாள் அவள். "குட்டி போடுற வரைக்கும் பொறுத்துக்க."

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே சமையல்காரரைப் பார்த்தாள். மனுஷன் பாதியாகிவிட்டிருந்தார்.

"என்னண்ணே இப்படி இளைச்சுட்டீங்க?"

"சமைச்சிட்டு நான் எப்படிம்மா சாப்பிடறது? அரிசியைப் பாதிக்கும் கீழே குறைச்சுட்டாங்க. ஒரு கரண்டிதான். சின்னப் புள்ளைங்களுக்குப் பத்தும். வளர்ற புள்ளைங்க தட்டை நக்குதுங்க. 'மாமா இன்னும் கொஞ்சம்'னு வரிசையில வந்து நிக்குதுங்க. இல்லைன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குது. காலித் தட்டைப் போட்டோ எடுத்து வாசல்ல மாட்டி வெச்சிருக்காங்க."

"தலைமையாசிரியர்கிட்ட நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். 'அன்னிக்கு அவ்வளவு கொட்டுனீங்களே, இப்ப ஏன் பத்தாதுன்னு சொல்றீங்க'ன்னு என்னைத்தான் கேக்குறாரு. நான் அரிசியை வெளிய கடத்துறேனோன்னு ஒரு சந்தேகம்கூட இருக்கு போல."

அவள் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டாள்.

சின்னது சாயங்காலம் வந்ததும் முன்பெல்லாம் பையை எறிந்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவாள். இப்போது வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்கும் மதியச் சாப்பாடுதான் வயிறு நிறைகிற சாப்பாடு. வீட்டில் இரவு கஞ்சிதான், அதுவும் இப்போதெல்லாம் தண்ணீராகவே இருந்தது.

"பசிக்குதாடி?"

"இல்லம்மா. கம்மியாச் சாப்பிட்டாப் பழகிடும்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் சின்னது. சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "என்கிட்ட வந்து கேக்குறாங்கம்மா. உன்னாலதானேன்னு கேக்குறாங்க. நான் கணக்கு எல்லாம் சொல்றேன். கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் பத்தலைன்னுதான் எனக்குப் புரியல."

அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் மிச்சக்காரம்மா கொட்டில் பக்கம் போனபோது சின்னது அங்கே முதுகைக் காட்டி நின்றாள். பெரியம்மாவுக்கென்று சந்தையிலிருந்து கொண்டுவந்த கோஸ் குவியலில் நல்ல தண்டாகப் பார்த்து, தாவணி முனையில் துடைத்து, மென்றுகொண்டிருந்தாள். கொட்டிலின் தடுப்புக்கு மேலாகப் பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சக்காரம்மா வந்த சுவடு தெரியாமல் பின்னால் நகர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டாள். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். வாளிச் சோற்றைக்கூடத் தொடவிடாமல் வளர்த்த பிள்ளை அது.

மறுநாள் காலையில் டீச்சரைத் தேடிப் போனாள். ஆசிரியர்கள் அறைக்கு வெளியே, பூச்செடிகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குட்டி விற்கிற அன்று வயிறு முட்டக் கொடுப்பதையும் சொன்னாள், இல்லையென்றால் டீச்சருக்குப் புரியாது என்று.

டீச்சர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எவ்வளவும்மா சேத்தீங்க?"

"பாதிக்கு மேலங்க."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரியாதுங்க. அவளுக்குத் தெரிஞ்சா செத்துருவா."

டீச்சர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா இதை நான் இப்ப உள்ள போய்ச் சொன்னா முதல்ல கெடறது உங்க பொண்ணு பேருதான். எல்லாப் பள்ளிக்கூடமும் சேர்ந்து நடத்துற போட்டிக்கு அவளை அனுப்புறோம். பொய்க்கணக்குன்னு தெரிஞ்சா அவளைச் சும்மா விடமாட்டாங்க."

"போட்டி வேணாங்க. சோத்தை மட்டும் கூட்டச் சொல்லுங்க. புள்ளைங்க பசியா இருக்குதுங்க டீச்சர்."

"நானும் கேட்டுப் பாத்துட்டேம்மா. தட்டுல மிச்சமே இல்லையே, அப்போ எல்லாருக்கும் போதுமான அளவு கிடைக்குதுன்னுதானே அர்த்தம்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு டீச்சர் பூச்செடியைப் பார்த்தாள். "அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. மிஷின் வாங்கியாச்சு. அரிசிக்கு ஒதுக்குற பணத்தைக் குறைச்சாச்சு. குறைச்சதை யாரும் திருப்பித் தர மாட்டாங்க."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்றித் தீவனம் கலக்கிற கை என்று பார்க்கவில்லை. அந்த ஒன்றைத் தவிர அவளாலும் ஒன்றும் பண்ண முடியவில்லை.

பெரியம்மா நாள் வருவதற்கு முன்னாலேயே குட்டி போட்டது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தரையில் சாக்கை விரித்து, விளக்கைத் தாழக் கட்டி, குட்டிகளைத் துணியில் துடைத்து ஒவ்வொன்றாகத் தாய் மடியில் எடுத்து விட்டார். எல்லாம் உள்ளங்கை அளவுதான் இருந்தன. முட்டி முட்டிப் பார்த்தன. மடியில் பால் இல்லை. தின்னாத உடம்பில் பால் எங்கிருந்து வரும்? கஞ்சித் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து அவற்றின் வாயில் பிழிந்தார்கள், சின்னதும் பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்தாள். இரண்டு, மூன்று என்று விறைத்துக்கொண்டே வந்தன. ஒன்றைப் பெரியம்மாவே எழுந்திருக்கத் தெம்பில்லாமல் புரண்டு நசுக்கிவிட்டது. வாரம் முடிவதற்குள் கொட்டிலில் சாக்கு மட்டும் கிடந்தது. வீட்டுக்காரர் பாதி குனிந்தபடியே குழி தோண்டினார். அவர் வாயிலிருந்து ஒரு கேலிகூட வரவில்லை.

"இதையாவது உசுரோட வித்துடலாம்" என்றார் பிறகு, பெரியம்மாவைப் பார்க்காமல்.

பண்ணைக்காரனே வேனோடு வந்தான். ஓட்டல் மிச்சத்தை எடுத்துக்கொண்டவனும் அவன்தான். எடை மேடையை இறக்கி ஈரத் தரையில் வைத்தான். மிச்சக்காரம்மா காலையிலிருந்து எதைக் கொடுக்கலாம் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தாள். எடைக்குப் போகிற அன்று வெறும் வயிற்றோடு அனுப்புவதா? கடைசியில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைத்தான் வைத்தாள். பெரியம்மா அதைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

மேடையில் ஏற்றினார்கள். தோல் தொங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அது நின்றது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தார். மறுபக்கம் மிச்சக்காரம்மா முட்டுக் கொடுத்தபடி நின்றாள். பண்ணைக்காரன் வேனில் கயிறு தேடிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, நீ படிச்ச புள்ளதானே. முள் எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

சின்னது மேடைக்கு முன்னால் குந்தினாள். முள் நடுங்கி நின்றது. அவள் உடனே சொல்லவில்லை. அவள் பார்வை முள்ளிலிருந்து கீழே வந்தது. சேலைக் கரைக்கு அடியில் அம்மாவின் வலது கால் மேடையின் ஓரத்தில் ஏறி, விரல்கள் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

மிச்சக்காரம்மா மகளைப் பார்த்தாள். காலை எடும்மா என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் இருந்தது. சின்னதின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ ஒன்று மெல்லப் புரிந்துகொண்டே வந்தது. பின்வாசல், வாளிகள், வழக்கத்துக்கு முன்னால் வந்து நின்ற தள்ளுவண்டி எல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்து நிற்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். காலை எடுக்கவும் முடியவில்லை.

சின்னது திரும்பி, முள் காட்டிய எடையைச் சத்தமாகச் சொன்னாள். காலையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"சரியாப் பாத்தியா?"

"சரியாத்தான் இருக்குண்ணே."

வேன் போனபின் சின்னது தொட்டியைக் கழுவினாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே கழுவினாள். அம்மா பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று நின்றாள். சின்னது கழுவி முடித்து, கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு அந்தப் போட்டிக்குப் போகப் போறியா?" என்று மிச்சக்காரம்மாதான் கேட்டாள். போகமாட்டேன் என்று சொல்லிவிடேன் என்று மனசு கெஞ்சியது.

"போறேன்."

"அதே பேச்சா?"

"அதேதான். எல்லாப் பள்ளிக்கூடத்துலருந்தும் வர்றாங்க. பேசறவங்களுக்கெல்லாம் மத்தியானம் அங்க சாப்பாடு போடறாங்களாம்." சின்னது கொட்டிலின் தகரக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் மாட்டினாள். "மிச்சம் இருந்தா கொண்டு வர்றேம்மா."

மிச்சக்காரம்மா இருட்டுகிறவரை அங்கேயே நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தாள். மூடி போட்ட சின்ன வாளி ஒன்று பரண்மேல் கிடந்தது. அதை எடுத்து, சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, மகளின் பள்ளிக்கூடப் பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.